விருந்தாளி இடத்தில் ஓர் இன்ஜின்

ஜனவரி 17

சீ. வீட்டுக்குள் நாற்றம் தாங்கவில்லை. ஜப்பான்காரன் ஓட்டித் தேய்த்துத் தூக்கி எறிந்த டீசல் இன்ஜினை என் மகன் ஒர்மோன் ஆள் வைத்துத் தூக்கிவந்து, எங்கே இறக்கினான் தெரியுமா? தோரில். வாசலுக்கு நேர் எதிரே, விருந்தாளியும் பெரியவர்களும் மட்டும் உட்காரும் தோரில். அவன் அப்பா உயிரோடு இருந்தவரை உட்கார்ந்த இடத்தில்.

"கொட்டகைக் குளிர்ல ஸ்பானர் கைத்தோலோட ஒட்டிக்குதும்மா. இங்கதான அடுப்பு இருக்கு" என்கிறான்.

நம் பழைய ரஷ்ய ஜீப்பின் இன்ஜின் சுமையோடு கணவாய் ஏறாதாம். அதைக் கழற்றிவிட்டு இதை வைத்தால், கோடையில் மேய்ச்சல் மலைக்குப் போகிறவர்களின் கூடாரம், அடுப்பு, மாவு மூட்டை எல்லாம் ஏற்றிப் பிழைக்கலாமாம்.

இதற்கு என்ன கொடுத்தான்? என் செம்பட்டைக் குதிரையை. யாரிடம்? அந்தப் பெயரை நாளைக்கு எழுதுகிறேன். இன்று பேனா ஓடாது.

ஜனவரி 18

துய்ஷோன். எழுதிவிட்டேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் கூட்டுப்பண்ணையில் அதிகம் பால் கறந்தவள் நான். பரிசு தையல் மெஷின். மேஸ்திரியாக இருந்த துய்ஷோன் அதைத் தன் மச்சினிக்குக் கொடுத்தான். மாட்டுக்கு மடி எந்தப் பக்கம் என்றே தெரியாதவள் அவள். எனக்கு ஒரு காகிதமும் ஒரு கைகுலுக்கலும். அந்தக் கை ஈரமாக இருந்தது. இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவனும் அவன் மருமகனும் பழைய இன்ஜின் விற்கிறார்கள். பொருத்தமான தொழில்தான்.

ஜனவரி 26

மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று, செத்த ஆட்டின் குடல் மாதிரி. பேத்தி மைரம் விரலை விட்டு எடுத்து நக்கிவிட்டாள். மருமகள் புருல் அலறிக்கொண்டு ஓடிவந்து குழந்தையின் வாயைக் கழுவினாள். ஒர்மோனோ சிரிக்கிறான்.

"பிஸ்டன் நல்லா இருக்கும்மா. ரிங் மாத்தி, வால்வு அரைச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

"ஆமா. பல்செட்டு மாட்டினா கிழவன் மாப்பிள்ளை ஆயிடுவான்" என்றேன்.

பிப்ரவரி 2

ரொட்டியில் டீசல் வாசம். நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பிப்ரவரி 9

மாட்டுக்கொட்டகையில் புருல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். என்னவென்று அதட்டியபிறகுதான் சொன்னாள். "மார்ச் இருபத்தொண்ணு நூருஸ் பண்டிகைக்குள்ள வண்டி ஓடலேன்னா மாஸ்கோ போறேன்னு சொல்லிட்டார் அத்தே. எங்கண்ணன் அங்க வேலை பாத்து வச்சிருக்கான்."

மாஸ்கோ. இந்தத் தெருவில் இருந்து போனவன் எவன் திரும்பினான்? ஒருத்தன் பெட்டியில் வந்தான். மற்றவர்கள் போனுக்குள் இருந்து பல்லைக் காட்டுகிறார்கள். பெற்றவள் கண்ணாடித் துண்டுக்கு முத்தம் கொடுக்கிறாள். தூ.

ஆக, இந்த நாறப்பயல் இன்ஜின் பிழைக்க வேண்டும் என்று நானே தொழ வேண்டுமா? எனக்கு இப்படியும் ஒரு காலமா?

பிப்ரவரி 20

துய்ஷோன் வந்தான். "என் இன்ஜின் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு" வந்தானாம். எதிரியானாலும் வயதானவன், வாசல் ஏறி வந்துவிட்டான், தோரில்தான் உட்கார வைக்க வேண்டும். அவன் பூட்ஸைக் கழற்றுவதற்குள், ரோமத்தை அடித்துச் செய்த என் பழைய கம்பளியை எடுத்து இன்ஜின் மேல் எறிந்தேன். திறந்த வயிற்றோடு என் வீட்டுச் சாமானை அந்தக் கண் பார்க்க வேண்டாம்.

அதன்மேலேயே சாய்ந்துகொண்டு டீ குடித்தான். "குதிரை நல்லாத் திங்குது சேயில்கான். ஆனா உன்ன மாதிரியே கடிக்குது."

"அதுக்கு ஆளத் தெரியும்."

அவன் போனபிறகும் கம்பளியை எடுக்கவில்லை. அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஒர்மோன் வேலை செய்யும்போது விலக்குவான், முடிந்ததும் நான் இழுத்து மூடுவேன்.

மார்ச் 12

இன்ஜினை ஜீப்பில் ஏற்றி இன்று ஸ்டார்ட் செய்தான். தெருவே வேலியோரம். புகை. பிறகு சத்தம் — பிடித்துக்கொண்டது! புருல் கை தட்டினாள். ஆனால் ஒர்மோன் முகம் செத்துவிட்டது. ஆயில் ஏறினால் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே டொக் டொக்கென்று அடிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் துய்ஷோன்: "இன்ஜின் நல்ல இன்ஜின்தாம்ப்பா. கைதான் சரியில்ல. வேணும்னா எடைக்கு நானே எடுத்துக்கறேன்."

உள்ளே வந்தால் புருல் பரண் மேலிருந்து பெரிய பையை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 13

ஒர்மோன் ஜீப்புக்கு அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றினான். ஒரு சின்னச் சல்லடையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். ஆயில் உறிஞ்சுகிற வாய் அதுதானாம். அது முழுக்கப் பழுப்பு ரோமம் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஆட்டு முடி எப்படிம்மா உள்ள போச்சு?"

"ஆடு ஏறிப் போயிருக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் கம்பளியின் நிறம் அவனுக்குத் தெரியாதா? பிறந்ததும் அவனை அதில்தான் போட்டேன். திட்டியிருந்தால் தேவலை. "போதும்மா. துய்ஷோனையே வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு டிக்கெட் போடறேன்" என்றான்.

ஆடு என்று பொய் சொன்ன என் வாயே எனக்கு நாறியது.

மார்ச் 14

காலையில் துய்ஷோன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கட்டியிருந்தது என் குதிரையை! என்ன திமிர். நான் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"யோவ், தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

"உன் மகன்தான குடுக்கறேன்னான்."

"மகன் என் வயித்துல இருந்து வந்தவன். இன்ஜின் என் குதிரைக்கு வந்தது. ரெண்டுக்கும் நான் பதில் சொல்றேன். நீ போ."

"செத்த இன்ஜினுக்கு இவ்ளோ வாயா? ரிப்பேர் பண்ணத் தெரியாத பயல வச்சுக்கிட்டு…"

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒர்மோன் தலையைக் குனிந்து நின்றான். அந்தக் கழுத்தைப் பார்க்க முடியவில்லை என்னால்.

"அவன் கைல குத்தமில்ல. என் கம்பளி உதிர்ந்து உள்ள போயிருச்சு. நான்தான் மூடினேன். நான்தான் கெடுத்தேன். போதுமா?"

யாரிடம் சொன்னேன்! அவனிடம்! தையல் மெஷினை விழுங்கியவனிடம்! அவன் முகத்தில் சிரிப்பு பூத்தது. சாகிறவரை இதைச் சொல்லிக் காட்டுவான். காட்டட்டும்.

அவன் போனபிறகு ஒர்மோன் போய் ஸ்பானர் பையை எடுத்துவந்தான்.

மார்ச் 17

ஆயில் போகிற ஓட்டைகள் எல்லாம் எலி வளை மாதிரி. அவன் டீசல் விட்டு, டிராக்டர்காரனிடம் வாங்கிவந்த பம்ப்பால் காற்றடிக்கிறான். மூலையில் ஒட்டியதை நான் கம்பளி தைக்கிற வளைந்த ஊசியால் இழுக்கிறேன். கடவுளே, எவ்வளவு ரோமம்! நகத்துக்குள் கறுப்பு, தலைமுடியில் கறுப்பு. கனவிலும் அந்த வாடை.

"இன்னும் இருக்கும்மா, அந்த வளைவுல பாரு."

"பாத்துட்டுத்தான இருக்கேன். அதட்டாத."

மார்ச் 20

விளக்கு அணைந்தது.

அணைந்ததும் அவன் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொள்ளப் பார்த்தான். எண்ணெய்ச் சட்டையோடு! தள்ளிவிட்டேன். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கணவாய்வரை போனான். சளி பிடித்த ஒட்டகம் மாதிரிக் கத்துகிறது, ஆனால் ஏறுகிறது. மேலே போய் நான் வாந்தி எடுத்தேன். டீசல் வாடைதான் காரணம், வயசு இல்லை.

மார்ச் 29

கூப்பிடாமலே இரண்டு பேர் தங்கள் இன்ஜினைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று இதைவிட நாறுகிறது. உள்ளே எலி செத்துக் கிடக்கிறதாம். ஒர்மோன் விசிலடித்துக்கொண்டே கழற்றுகிறான்.

வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டது. புருல் கடைக்குக் கிளம்பினாள். ஒன்றிரண்டு வாங்கினால் எந்த மூலைக்கு? பெட்டியோடு வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.