கியர்பெட்டி இல்லாத கார்

1926 மார்ச்சு 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பி.ப. இடி மட்டும், மழை இல்லை. ஈப்போவிலிருந்து இந்தக் கித்தாத் தோட்டத்துக்கு வந்தாயிற்று. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கூடத்தில் நான் பழுது பார்க்க வேண்டிய கார். சீமைக்குத் திரும்பிப்போன துரை விட்டுப்போனது. எங்கள் பட்டறைச் சீன முதலாளி, தவுக்கே, வாங்கியிருக்கிறார். இருபது வயதாவது இருக்கும்.

கியர்பெட்டி இல்லை. கிளட்ச் இல்லை. சங்கிலி இல்லை. எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி போடத் துளைகூட இல்லை. எஞ்சின் ஒரு டைனமோவைச் சுற்றுகிறது, அதோடு சரி. சக்கரத்தை யார் சுற்றுவது?

கருவாட்டில் உப்பு அதிகம்.

9, செவ்வாய்

முன் சக்கரத்தைக் கழற்றினேன். குடத்துக்குள் மின்மோட்டார்! இரண்டு பக்கமும். எஞ்சின் மின்சாரம் செய்யும், மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும். பாட்டரி கொடுத்தால் அதே டைனமோ எஞ்சினைக் கிளப்பிவிடும். இன்றைக்கும் ஈப்போவில் கைப்பிடி சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறோம். இதைச் செய்தவன் பைத்தியமா, நாங்கள் மடையர்களா? டெக்னிக்கல் பள்ளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பி.ப. தவுக்கே வந்தார்.

"சனிக்கிழமை ஓடணும் லா. தா போலே, முடியாதுன்னா உள்ள இருக்கிறத வெட்டி எடுத்துட்டு சாதா எஞ்சின் வச்சிருவேன்."

"இந்த மாதிரி கார் பேராக்ல வேற கிடையாது தவுக்கே."

"அதான் தொல்லை. வேற இல்லன்னா ஸ்பேர் எங்க கிடைக்கும்?"

வெட்ட விடக்கூடாது. அது மட்டும் தெளிவு.

10, புதன்

மழை. வலது மோட்டார்க் கம்பிகள் எலி கடித்தவை. வரைபடம் கிடையாது. இடதைப் பார்த்து வலதைக் கட்டினேன். சரியா? சரியாகத்தான் இருக்க வேண்டும்.

வேண்டியவை: பருத்தி நாடா, வார்னிஷ், உப்புத்தாள், பாட்டரிக்குத் திராவகம். முனியாண்டி கங்காணியிடம் சொன்னேன்.

"எந்தத் திராவகம் தம்பி?"

"திராவகத்துல என்ன எந்த? பாட்டரிக்கு. சீக்கிரம் அண்ணே."

ஜாடி வந்தது. ஊற்றினேன். சார்ஜ் ஏறட்டும் என்று பாட்டரியை ஆலை டைனமோவில் மாட்டியாயிற்று.

11, வியாழன்

புகைக்கூடம் முழுக்கக் காடி வாடை. யாரோ ஊறுகாய் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பாட்டரியில் பல்பை வைத்துப் பார்த்தேன். சிவந்தது, அணைந்தது. ஈயத் தகடெல்லாம் வெள்ளை பூத்து அரித்துக் கிடக்கிறது. எப்படி? பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஜாடியை முகர்ந்தேன்.

"இது எங்கேருந்து அண்ணே?"

"பால் கொட்டகையிலேருந்துதான். கித்தாப் பால உறைய வைக்கிறது. தோட்டத்துல வேற திராவகம் ஏது?"

"கந்தகத் திராவகம்லா வேணும்!"

"நான் கேட்டேன்ல? நீங்கதான் 'என்ன எந்த'ன்னு அதட்டுனீங்க."

பால் வாளியோடு போன பெண்களில் ஒருத்தி: "மெக்கானிக்கு காருக்குள்ள ஷீட்டு போடுறாருடி! அடுத்து புகை போடணும்ல!" அத்தனை பேரும் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

புதுப் பாட்டரி சனிக்குள் வராது.

12, வெள்ளி

பாட்டரி எதற்கு? கிளப்புவதற்குத்தானே. தீப்பொறிக்கு மேக்னெட்டோ தனி. ஓட ஆரம்பித்தால் டைனமோ தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளுமா? புத்தகத்தில் அப்படித்தான்.

தரைப்பலகையைப் பெயர்த்து ஃபிளைவீலில் கயிறு சுற்றினேன். இழுக்க ஆள் வேண்டும். கங்காணியிடம் போகக் கூச்சம். போனேன்.

"தேர் இழுக்கிற மாதிரியா தம்பி?"

"ஒரே வெட்டு இழுப்பு. கயிறு தானா கழண்டு வந்துரும்."

"நாளைக்கு பால் எடை போட்டதும் ஆளக் கூட்டிட்டு வாரேன். இந்த வாட்டி எந்தக் கயிறுன்னு கேக்க மாட்டேன்."

13, சனி

வெயில். தவுக்கே காலையிலேயே லாரியோடு வந்துவிட்டார். மேலே சாதா எஞ்சின், ரம்பம், இரண்டு ஆட்கள்.

பால் எடை போட்டு முடிந்து ஆட்கள் வந்தார்கள். முதல் இழுப்பில் கயிறு அறுந்து எல்லாரும் மண்ணில். இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது! ஏறி உட்கார்ந்து, சக்கரத்துக்கு மின்சாரம் விடும் பிடியை முன்னே தள்ளினேன்.

கார் பின்னே போயிற்று.

சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு, நேராகத் தவுக்கேயை நோக்கி. பெண்கள் அலறினார்கள், சிரித்தார்கள். பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் நகரவில்லை. சக்கரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"முன்னாலயும் போகுமா?"

"போகும்." எதை நம்பிச் சொன்னேன்?

லாரி ஆட்களிடம் எஞ்சினை இறக்க வேண்டாம் என்றார். "ஈப்போ வரைக்கும் ஓட்டிக்கிட்டு வா. முன்னால. வந்தா வெட்ட மாட்டேன்." லாரி அவரோடு முன்னே போய்விட்டது. தோட்டத்து ஆட்களும் லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

எது தலைகீழ்? டைனமோவா, நான் கட்டியதா? வலதை மட்டும்தான் நான் கட்டினேன். அது தப்பென்றால் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பின்னே போகிறதே. பிடியைப் பின்னே இழுத்தால் முன்னே போகுமா? இழுக்கப்போய் எஞ்சின் நின்றுவிட்டால்? காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்று மறுபடி இழுக்க ஆள் இல்லை. பெட்ரோல் அரை டின் இருக்கிறது. அது தீர்வதற்குள் எனக்குப் புரிய வேண்டும்.