ஊரில் எந்தப் பக்கம்?

லா ஷப்பல், பாரிஸ்,
12 மே 2025

கிருஷிகன்,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு மனமில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து சொல்லாமல் போய்விட்டாய், தொலைபேசியையும் எடுப்பதில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

நேற்று நீ கூட்டிப்போகவேண்டிய காட்டு நடைக்கு வந்த பிள்ளைகள் கார் து நோர் ரயில் நிலைய வாசலில் மழையில் நனைந்தார்கள். எனக்கோ வழி தெரியாது. லூயி-பிளாங் தெருவில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அப்போதுதான் நடைக்கு வந்த லக்ஷனா தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்: நீ உன் வேலைத்தோழி எலோடியின் யூத இளைஞர் குழுவோடு ஷாந்தியிக் காட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்!

எலோடியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நடைக்கு ஒரு குழு, சமையலுக்கு ஒரு குழு என்று அவர்கள் சம்பளமில்லாமல் நடத்துவதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் தமிழ்ப் பிள்ளையளுக்குத் தொடங்குவம்" என்றவன் நீ. இப்போது எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு அங்கே போய் நடக்கிறாய்.

பொறுமை தீர்ந்த,
டிலானி


எபினே-சூர்-செய்ன்,
14 மே 2025

அன்புள்ள டிலானி,

மழையில் நிற்கவிட்டது பிழை. மன்னித்துக்கொள். ஆனால் திரும்பி வரமாட்டேன்.

போன மாதம் கஜன் அண்ணையின் உணவகப் பின்னறையில் சமையல் குழு கூடியது நினைவிருக்கும். நீ அடுப்படியில் நின்றாய். அவர் என்னிடம், "தம்பி, அப்பா எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த இரண்டாவது கேள்வி சாதியை அறியத்தான் என்று உனக்கும் தெரியும்.

எலோடியின் ஆட்களும் கேட்கிறார்கள், உன் குடும்பம் துனிசியாவிலிருந்து வந்ததா, போலந்திலிருந்தா என்று. பிறகு யார் வீட்டுச் சாப்பாடு திறம் என்று சண்டைபிடித்தபடி ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். நான் அங்கே விருந்தாளிதான். இருந்தும் என் பக்கத்திலிருந்து ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

கிருஷிகன்


லா ஷப்பல்,
22 மே 2025

அன்புள்ள கிருஷிகன்,

இதை அன்றைக்கே சொல்ல உனக்கு வாயில்லையா? உன்னோடு மாரடித்தே எனக்கு நரைக்கப்போகிறது.

கஜன் அண்ணையிடம் போனேன். "ஊர் கேக்கிறதும் குற்றமே?" என்றார். "அப்ப ஏன் கேட்டாப் பிறகு மேசை மாறினீங்கள்?" என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இனி அந்த அறைப் பக்கம் வராதேங்கோ" என்றார். ஆக, அறை போயிற்று. சமையல் குழுவில் பாதிப்பேர் அவரோடு போய்விட்டார்கள். "உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்று அம்மா வேறு.

ஆனால் நேற்று கஜன் அண்ணையின் தங்கை தர்மிளா தொலைபேசியில் அழைத்தாள். "நடைக்கு நான் வாறன், அக்கா. அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்" என்றாள்.

ஞாயிறு காலை கார் து நோரில் நிற்போம். நீ வராவிட்டால் நானே கூட்டிப்போவேன். வரைபடத்தைப் பார்த்தேன், சிக்கின நூல் மாதிரி இருக்கிறது. எல்லாரும் தொலைந்துபோனால் பழி உனக்கு.

டிலானி


எபினே-சூர்-செய்ன்,
23 மே 2025

அன்புள்ள டிலானி,

நீ கூட்டிப்போனால் உங்களைப் பெல்ஜியத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். வருகிறேன். அந்த வெள்ளைச் சப்பாத்தைப் போடாதே, சேறு.

எலோடியும் விருந்தாளியாக வருகிறாள். அவளிடம் யாராவது ஊர் கேட்டால், பாரிஸுக்குப் பக்கத்திலிருக்கிற சார்செல் என்பாள். என்னிடம் கேட்டாலும் அதேதான் சொல்லப்போகிறேன். நான் பிறந்ததும் அங்கைதானே. எந்தப் பக்கம் என்று கேட்டால், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம்.

அன்புடன்,
கிருஷிகன்