சூப்பர்வைசருக்கு அடித்த நீலப் பெயின்ட்

என் வீட்டு மகாராணிக்கு வணக்கம்.

நான் நலம், தொப்பையும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தை என்னைத் திட்டாமல் சாப்பிடுகிறார்களா?

பதறாதே, ஒரு சின்னச் சமாச்சாரம். கம்பெனிக்குப் பெயின்ட் கலக்கப் புது மெஷின் வந்தது. நிமிடத்துக்கு முந்நூறு சுற்று வேண்டும் என்றார்கள். நானும் முந்நூறு என்றே தட்டினேன். அந்த மெஷினோ வேகத்தை நொடிக்கு இத்தனை ரேடியன் என்று கோணக் கணக்கில் கேட்கிற ரகமாம். கிட்டத்தட்டப் பத்து மடங்கு வேகம்! மூடி பறந்தது.

“யோவ், டப்பாவைக் கலக்கச் சொன்னா எனக்கே பெயின்ட் அடிச்சிட்டியே!” என்றார் சூப்பர்வைசர், தலைமுதல் கால்வரை நீலமாக. “நாளைக்கு ஒழுங்கா ஓட்டிக் காட்டு. இல்லேன்னா வேலை நிரந்தரம் ஆகாது.”

நிரந்தரமானால்தானே உன்னை இங்கே அழைத்துக்கொள்ளலாம்? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முந்நூறை அறுபதால் வகுத்தால் நொடிக்கு ஐந்து சுற்று, அதுதான் ஐந்து ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 6.28 ரேடியன். பெருக்கினால் 31.4.

மறுநாள் அதைத் தட்டினேன். சூப்பர்வைசர் கதவுக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார். பெயின்ட் டப்பாவுக்குள்ளேயே சமர்த்தாகச் சுற்றியது.

“சரிய்யா, வீட்டம்மாவை வரச் சொல்லு” என்றார். அவர் காதோரம் இன்னும் நீலம்.

வரும்போது, வயது தெரியுமென்று விட்டுவந்தேனே, அந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துவா; மெஷினில் இருந்த பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. அதுவரை, நம் அறை மின்விசிறியின் ‘டொக் டொக்’கை போனில் பதிந்து அனுப்பு. இங்குள்ள விசிறி சத்தமே போடுவதில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்துப் பதி. பக்கத்தில் நீ முணுமுணுப்பதும் கேட்கட்டும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

நகத்தில் இன்னும் நீலம் போகாத,
உன் வீட்டுக்காரர்