முப்பத்தாறு பல்லு

நாயாறு
02.05.2024

அன்பின் றொனால்ட்,

தொலைபேசியை எடுத்தாலே சண்டையில் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாதே!

ஆவணியில் மலையகத்தில் நடக்கும் மலைச் சைக்கிள் போட்டிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். அதில் தேறினால் மாகாண அணியில் இடம் உண்டு. நான் மலையைக் கண்ணாலும் கண்டதில்லை. சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்துத்தான் பழகுகிறேன்.

என் சைக்கிளில் மிதியோடு சேர்ந்து சங்கிலியை இழுக்கும் முன் பற்சில்லு தேய்ந்துவிட்டது. புதிதாக எத்தனை பல்லுப் போடுவது? இருபத்தெட்டா, முப்பத்தாறா? என்னைக் கட்டப்போகிறவர் சைக்கிள் கடையில் வேலை செய்யும்போது நான் வேறு யாரைக் கேட்பது? நித்திரையே இல்லை. படுத்தாலும் கால்கள் மிதிக்கின்றன.

உங்கள்
ரூபினி


பேர்ண், சுவிஸ்
20.05.2024

அன்புள்ள ரூபினிக்கு,

கடிதம் கண்டு சந்தோசம். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

இத்துடன் முப்பத்தாறு பல்லுச் சில்லு அனுப்புகிறேன். கடையில் இருந்ததிலேயே திறமானது. ஒரு மிதிக்கு நல்ல தூரம் போகும். சோளகத்தில் மிதித்த கால்களுக்கு மலை ஒரு பொருட்டா? புரட்டாதியில் கலியாணம். அதற்குள் வெயிலில் வாடிப்போகாமல் இரும்.

என்றும் உமது
றொனால்ட்


நாயாறு
16.06.2024

அன்பின் றொனால்ட்,

சாப்பிட்டீர்களா? முதலே கேட்டுவிட்டேன்.

என்னோடு சைக்கிள் பழகும் துணுக்காய் ஊர் அனோஜாவுக்கு மலையகத்தில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சைக்கிள் ஓடிப் பார்த்தோம். முதல் ஏற்றத்திலேயே நான் இறங்கித் தள்ளினேன். வெட்கத்தில் அழுதுவிட்டேன். காற்றென்றால் குனிந்து கொடுத்தால் கொஞ்சம் விடும். மலை விடவில்லை.

அனோஜாவின் முன் பற்சில்லு சின்னது, பல்லுக் குறைவு. அவள் இருந்தபடியே மிதித்து ஏறிவிட்டாள். திரும்பி வந்து, "இவ்வளவு பெரிய பல்லோட ஆரடி மலை ஏறுவினம்? உனக்கு இதை ஆர் தந்தது?" என்று கேட்டாள். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

சுவிஸ் போன்ற மலை நாட்டில் சைக்கிள் திருத்துகிறவருக்கு இது தெரியாமலா இருந்தது? தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். கோபிக்க மாட்டேன்.

ரூபினி


பேர்ண்
02.07.2024

அன்புள்ள ரூபினிக்கு,

கோபம் வேண்டாம். முப்பத்தாறு இந்த ஊருக்குச் சரியான அளவு. உமக்காக ஒரு சலவைக்கூடத்தில் வேலை கேட்டு வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து ஆற்றோரமாக மட்டமான பாதை. வரும்போது சில்லைக் கழற்றிக் கொண்டு வாரும், இங்கே நல்லதொரு சைக்கிளில் பூட்டித் தருகிறேன். போட்டி ஒருநாள் கூத்து. அணியில் எடுத்தாலும் நீர் அங்கே நிற்கவா போகிறீர்? எனக்கு இங்கே தனியே இருந்து அலுத்துவிட்டது, ரூபினி.

இம்மாதம் மூன்றாம் ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தலில் நம் பெயர்களை முதல் தரம் வாசிக்கும்படி அம்மா பாதரிடம் சொல்லிவிட்டா.

உமது
றொனால்ட்


நாயாறு
21.07.2024

றொனால்ட்,

இன்று பூசைக்கு முன் பாதரிடம் போனேன். "எங்கட பேரை வாசிக்க வேண்டாம் பாதர்" என்றேன். "அடுத்த கிழமை வாசிக்கிறதோ பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை பாதர்" என்றேன். மாமி கோயில் வாசலிலேயே அழுதா. அவவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

எனக்கு உங்களைப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் நான் மலைக்குச் சில்லு கேட்டேன், நீங்கள் சலவைக்கூடத்துப் பாதைக்கு அனுப்பினீர்கள். அதை வைத்து நான் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

வவுனியாவில் இருபத்தெட்டு வாங்கிப் பூட்டியாயிற்று. நாளை அனோஜாவோடு மலைக்குப் போகிறேன்.

பதில் எழுதினால் போட்டி முடிந்தபிறகு எழுதுங்கள். பிரித்து வாசிப்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஜெயரூபினி