கின்ஷாசாவிலிருந்து பதில் இல்லை

24 செப். 1991, செவ்வாய். ரெய்னர்ஸ் லேன். தூறல்.

அன்ரனை ஆபிரிக்காவுக்கு அனுப்பியது நானல்ல. காலை, அந்தோனியார் பூசை முடிந்து கோவில் வாசலில் பிலோமினா யாரிடமோ: "தாய்க்குப் பெருமை வேணும். பெடியனைச் சயருக்கு அனுப்பிப்போட்டு இப்ப மெழுகுதிரி கொளுத்துறா." இரண்டடி பின்னால் நான். அனுப்பியது கம்பனி. பெடியனாம்! நாற்பத்திரண்டு வயதுப் பொறியியலாளன் என் மகன். அங்கே ஒரு சீமெந்து ஆலையில் கம்பனி முதலிடலாமா, கூடாதா என்று பார்த்து எழுதுவது அவன் வேலை. மூன்று கிழமைப் பயணம்.

வானொலி: சயரின் தலைநகர் கின்ஷாசாவில் சம்பளம் போதாத படையினர் கடைகளை உடைக்கிறார்கள். வெளிநாட்டார் வீடுகளையும்.

அவன் ஹோட்டலுக்குப் பதினொரு தடவை எடுத்தேன். லைன் இல்லை.

பால்காரனுக்குச் சொல்ல: ஒரு போத்தல் போதும்.

(பிறகு) சொல்லவில்லை. இரண்டே வரட்டும்.

25, புதன். குளிர்.

கம்பனிக்கு எடுத்தேன். மனேஜர் மிகப் பணிவு. நீண்டகால நோக்கில் அந்த நாட்டில் நம்பிக்கை உண்டாம். செம்பு இருக்கிறதாம், பெரிய ஆறு இருக்கிறதாம். என் மகன் இருக்கிறானா என்று கேட்டேன். விசாரிக்கிறார்களாம். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே சொல்.

வானொலி: பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டார் ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள பிராசவில் நகருக்குப் போகிறார்கள். அன்ரனுக்கு நீந்தத் தெரியாது. என்ன யோசனை இது. படகில்தானே.

மருமகள் சுகந்தி சமைக்கவில்லை. ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன். இருவரும் குடித்து முடித்தோம்.

26, வியாழன். மழை.

சுகந்தி அவனுடைய சட்டைகளை அயர்ன் பண்ணினாள். நேற்றும் அதே சட்டைகள்.

"மாமி, சனிக்கிழமை ரெலிபோனில அவர் உங்களோட என்ன கதைச்சவர்?"

"சுகம் விசாரிச்சவன்."

"நான் படியில நிண்டனான், மாமி."

அடுத்த சட்டையை எடுத்தாள்.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். சனிக்கிழமை அவன் சொன்னது: "அம்மா, எண்பத்திமூண்டுக் கலவரத்தண்டு கொழும்பில மத்தியானமே கடைப் பலகை போட்டவங்களெல்லே? இங்கயும் போடுறாங்கள். நாளைக்கு ஒரு பிளேன் இருக்கு. வரட்டோ?"

ஆலைப் பத்திரத்தில் அந்நாட்டு அமைச்சரின் கையெழுத்து கிடைத்ததா என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை எண்டு சொல்லினம்."

"அப்ப நிண்டு வாங்கிக்கொண்டு வா. வெறுங்கையோட வந்தா சனம் என்ன சொல்லும்?"

"ஓம், அம்மா."

சனம் என்றால் யார்? பிலோமினா.

அந்தப் பலகைகளை எண்பத்திமூன்றில் நானும் பார்த்தவள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்.

27, வெள்ளி. நல்ல வெயில். எதற்கு?

லைன் இல்லை. மனேஜர் கூட்டத்தில். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதித் தபாலில் போட்ட கடிதத்தின் நகல், தமிழில்:

ஐயா, உங்கள் முதலீட்டைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். என் மகன் திரும்பி வரக் கேட்டான். நிற்கச் சொன்னவள் நான். ஆகவே உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆற்றைக் கடந்தவர்களின் பெயர்களைத் தூதரகத்தில் கேட்டறிய உங்களால் முடியும். அதில் அவன் பெயர் இருக்கிறதா, இல்லையா? விசாரிக்கிறோம் என்று மறுபடி ரெலிபோனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.