இடது பக்கத்து இருக்கை

பழப்பையை இடது இருக்கையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பெல்ட் போடச் சொல்லி விடாமல் கூவியது. பையை ஆள் என்று எண்ணிக்கொள்ளுமாம். எடுத்துப் பின்னால் வைத்தேன், அடங்கியது. நீ உட்காரும் இடம் அது. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

நீ போனபிறகு நான் ஓட்டவேயில்லை. பழைய காரைக் கொடுத்துவிட்டு மகன் வாங்கித் தந்த வண்டி இது. இண்டிகேட்டர் போடாமல் சாலைக் கோட்டைத் தாண்டினால் தானே திருப்பிக்கொள்ளும். நடப்பதையெல்லாம் சென்னையில் அவன் போனுக்குச் சொல்லும். “ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. சரிப்படலன்னா சாவியக் குடுத்துடுங்கப்பா” என்றான். வாலிகண்டபுரத்தில் உன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன்.

“வலது பக்கத்த நீங்க பாருங்க, இடது பக்கம் எம்பொறுப்பு” என்பாய். எறையூர்ப் பக்கம் கரும்பு டிராக்டரைக் கண்டால் எனக்கு முன்னால் உன் கால் பிரேக்கைத் தேடும். வண்டியைப் பின்னால் எடுத்தால் எட்டிப் பார்த்து வழி சொல்வதும் நீதான். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடமும் பாதிச் சாலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

“இன்னும் கொஞ்ச வருஷத்துல ஸ்டீயரிங்கே இருக்காதும்மா. வண்டிங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்” என்று மகன் சொன்னபோது நீ கேட்டாய்: “ரோட்டுல சோளம் காயப் போட்டவகிட்ட யாருடா பேசறது?”

இன்று பாதிச் சாலையில் மக்காச்சோளம் காய்ந்தது. நடுக்கோட்டைத் தாண்டி வலதுபக்கம் ஒதுங்கினேன். சோளத்துக்கு ஒதுங்க யார் இண்டிகேட்டர் போடுகிறார்கள்? ஸ்டீயரிங் என் கையை இடப்பக்கம் இழுத்தது. வண்டிக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று பிடியைத் தளர்த்தினேன். சக்கரம் சோளத்தில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன்.

சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் வந்தாள்.

“கண்ணு தெரியலீங்களா சார்?”

“வண்டி இழுத்துடுச்சும்மா.”

“தானா இழுக்க அது என்ன மாடா?”

அதற்குள் மகன் அழைத்துவிட்டான்.

“திடீர்னு பிரேக் போட்டதா வந்துச்சே. என்னப்பா ஆச்சு?”

“சோளம்பா.”

“அங்கேயே நில்லுங்க. டிரைவர் யாரையாச்சும் அனுப்பறேன்.”

“வேணாம்ப்பா. நானே எடுத்துக்கறேன்” என்றேன்.

திருப்பிவிடும் அந்த வசதியை அணைத்தேன். உன் பக்கமாகச் சாய்ந்து, இடது கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் எடுத்தேன்.

“வாங்க… வாங்க… போதும்.”

அந்த அம்மாள் குனிந்து உள்ளே பார்த்தாள். “யாருகிட்ட சார் பேசறீங்க?”

அப்போதுதான் தெரிந்தது, அதை வாய்விட்டுச் சொன்னது நான்தான் என்று.