அப்பா விரலில் எடுத்த ரத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடைக்கு இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிறு மதியம் நீங்கள் குறட்டை விட்டபோது, விளையாட்டுக்கு என் குளுக்கோமீட்டர் ஊசியால் உங்கள் விரலில் குத்தினேன். "கொசு சல்லியம் தாங்கல" என்று திரும்பிப் படுத்தீர்கள். மீட்டர் 318 காட்டியது. சர்க்கரை மண்டிக்காரர் சரக்கை உடம்பிலும் இருப்பு வைத்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

இன்று என் செக்கப்பில் டாக்டர் ஸ்ரீலட்சுமி மீட்டரைப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "மோளே, மத்த ரீடிங் எல்லாம் கொள்ளாம், நல்லா இருக்கு. இது மட்டும் எந்தா இப்படி?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அச்சனுக்கு தாகம் கூடுதலா? மெலிஞ்சுட்டாரா?"

நீங்கள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டது ஞாபகம் வந்தது. "இன்னைக்கே கூட்டிட்டு வா" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லட்டீ" என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு முதன்முதலில் இன்சுலின் போட்ட அன்று, வலிக்குமா என்று பார்க்க வெறும் ஊசியை உங்கள் வயிற்றில் குத்திப் பார்த்தீர்களே. டாக்டர் உங்களுக்கும் ஊசி எழுதிக் கொடுத்தால், நான் போட்டுவிடுகிறேன். வலிக்காது, எனக்குத் தெரியும்.

கடையைச் சாத்துங்கள். ஆரியசாலை முக்கில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் வராமல் நகரமாட்டேன் என்று நிற்கும் உங்கள் மகள்